கல்வெட்டில் அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

வெள்ளவத்தை மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா மோசம் போய் இண்டைக்குப் பன்னிரண்டு நாள். வயது 82. பொரளைக் கனத்தையில தகனம் நடந்தது. என்ர மகளும் அண்ணாவின்ர பெடியனும் நெய்ப்பந்தம் பிடிச்சினம். எட்டுச் செலவுச் சடங்கும் முடிஞ்சுது. இனி 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம். அண்டைக்கு வாறவைக்குக் குடுக்கிற கல்வெட்டை, அதுதான் நினைவுப் புத்தகத்தை, எழுதுற பொறுப்பு என்ர தலையில. மூண்டு நாளாய்க் கொப்பியைத் திறந்து வைச்சபடி இருக்கிறன். ஒரு பக்கம்கூட நகரேல்லை.

அப்பா ஒப்புநோக்காளர். 1964இல யாழ்தேவியில வந்து இறங்கி, கொழும்பில ஓர் அச்சகத்தில அச்சுக் கோக்கச் சேர்ந்தவர். பிறகு அங்கேயே ஒப்புநோக்காளராகி, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குப் புரூஃப் எடுத்து வந்து பாத்தவர். பாடப்புத்தகம், கோயில் நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ் எல்லாம் பாத்தாலும் அவற்றை கைக்குக் கூடுதலாய் வந்தது கல்வெட்டுத்தான். எத்தனை நூறு பேரின்ர கல்வெட்டை அவர் வரி வரியாய்த் திருத்தியிருப்பார் எண்டு எண்ண ஏலாது. "வீட்டுகிருத்தியம்" எண்டு க் இல்லாமல் வந்தால் நீல பென்சிலால ஒரு கோடு, ஓரத்தில ஒரு "க்". அந்தக் கோட்டை அவர் ஒருநாளும் அழுத்திப் போட்டதில்லை.

வாசிச்சு முடிச்சால் பெருமூச்சு விட்டுச் சொல்லுவார்: "பெயரை மாத்திப் போட்டால் இது அடுத்த வீட்டுக்காரற்றை புத்தகம்." எல்லாத்திலயும் பாசமிகு கணவர், அன்புத் தந்தை, ஆருயிர்ப் பேரன். இப்ப நானும் இருந்து அதையேதான் எழுதுறன். அதுக்கு மேலே எனக்கு ஒண்டும் வருகுதில்லை.

அம்மாவுக்கு நீரிழிவால கண் பார்வை 2011இல போயிட்டுது. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை ஆறரைக்கு அப்பா பத்திரிகை வாசிச்சுக் காட்டுவார். முதல்ல மரண அறிவித்தல் பக்கம், பிறகுதான் தலைப்புச் செய்தி. அம்மாவுக்கு ஆர் போனது எண்டு தெரியவேணும். வாசிச்சுக்கொண்டு போறவர் ஓர் இடத்தில நிண்டால் அம்மா "என்ன, பிழையோ?" எண்டு கேப்பா. "ம், ஒற்று விட்டுப்போச்சு" எண்டிட்டுத் தொடருவார்.

இதையெல்லாம் கல்வெட்டில எழுதுறதோ? எழுதினால் பெரியாக்கள் என்ன சொல்லுவினம்? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

தெஹிவளைத் தம்பி

ஆழ்ந்த அனுதாபம் அக்கா. எழுதுங்கோ. கட்டாயம் எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனை

தங்கச்சி, உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சன். எந்த அச்சகம் எண்டு நீங்கள் சொல்ல வேண்டாம். நீல பென்சில் எண்டதோட எனக்கு ஆளை விளங்கியிட்டுது. நான் அவருக்குக் கீழ அச்சுக் கோத்தவன். நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்), எங்கட வீட்டில 31ஆம் நாள் பூசைதான், கல்வெட்டு இல்லை. ஆனால் கையால கோத்த கல்வெட்டுக்குக் கணக்கில்லை.

இப்பத்தைப் பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. ஈய எழுத்து ஒவ்வொண்டாய்ப் பொறுக்கிக் கைக்கட்டையில அடுக்கவேணும். எழுத்துத் தலைகீழாய் இருக்கும், இடமிருந்து வலமாய் வாசிக்கவேணும். "ள"வும் "ன"வும் அவசரத்தில மாறிப்போகும். உங்கட அப்பா புரூஃப் தாளைப் பாக்க முதல் எழுத்துக் கட்டையையே எட்டிப் பாத்து "நாலாவது வரி" எண்டு சொல்லுவார். எங்களுக்குக் கோபம் வரும். பாத்தால் நாலாவது வரியில பிழை இருக்கும்.

ஒண்டு சொல்லவேணும். ஒரு நாள் ஒரு மனிசி வந்தா. முகத்துவாரப் பக்கம். கையில ஒற்றைத் தாள், அம்பது பிரதி போதும் எண்டா. தாளில ஊர், பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகளின்ர பெயர், அவ்வளவுதான். உங்கட அப்பா கதிரையை இழுத்துப் போட்டு அவவை இருத்தி, "அம்மா, அவர் எத்தினை மணிக்கு வேலைக்குப் போவார்? வரேக்க என்ன கொண்டு வருவார்? பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?" எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டார். அந்த மனிசி முதல் அழுதா, பிறகு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. ஒரு மணித்தியாலம் போச்சு. கூடுதலாய் வந்த எட்டு வரியை நான்தான் கோத்தனான். அதுக்குக் காசு எடுக்க அவர் விடேல்லை.

நீங்கள் அம்மாவிட்டை அதே மாதிரிக் கேளுங்கோ.

நேரே சொல்லுறன்

மனம் நோகாதேங்கோ. நான் வேற மாதிரி நினைக்கிறன். கல்வெட்டு அடிக்கிறதே இப்ப வீண் செலவு. 300 அடிப்பினம். சாப்பிட்டு எழும்பேக்க பாதி கதிரையிலயே கிடக்கும். மற்றப் பாதி வீட்டை போய்ப் பழைய பேப்பரோட போகும். அந்தக் காசுக்கு ஒரு முதியோர் இல்லத்தில ஒரு நேரச் சாப்பாடு குடுத்தால் உங்கட அப்பாவின்ர பேரில பத்து வயிறு நிறையும். எழுத விருப்பமெண்டால் எழுதி வாட்ஸ்அப்பில போடுங்கோ, உலகம் முழுக்க இருக்கிற சொந்தக்காரர் வாசிப்பினம்.

ஏடு சேர்ப்பவன்

மேலே எழுதியவருக்கு: சாப்பாடு குடுக்கிறது நல்ல காரியம், குடுக்கலாம். அதுக்காகக் கல்வெட்டை விடவேணும் எண்டில்லை.

கல்வெட்டு எண்டது எங்கட சனத்தின்ர வரலாற்று ஏடு. மன்னருக்கும் கோயிலுக்கும் கல்லில வெட்டினது போல, சாதாரண மனிசருக்குக் கடுதாசியில வெட்டினது. முந்தி அதைச் செய்யுளில பாடி, 31ஆம் நாள் இராகத்தோட சபையில படிப்பினம். திதி நிர்ணய வெண்பா எண்டு ஒண்டு கட்டாயம் இருக்கும். எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, எந்தத் திதி எண்டு நாலு வரிக்குள்ள. பேரப்பிள்ளை அம்பது வருசத்துக்குப் பிறகு எடுத்துப் பாத்தாலும் திவசம் எப்ப எண்டு தெரியும்.

1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சபோது 97,000 புத்தகம் போச்சு எண்டு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு இடம்பெயர்வில எத்தினை வீட்டு அலுமாரி போச்சு எண்டதுக்குக் கணக்கே இல்லை. காணி உறுதி போச்சு, படம் போச்சு, பிறப்புச் சான்றிதழ் போச்சு. அப்பிடிப்பட்ட குடும்பங்களுக்கு, எங்கேயோ ஒரு மாமியின்ர பெட்டிக்குள்ள கிடந்த பழைய கல்வெட்டு ஒண்டுதான் பூட்டனின்ர பெயரையும் ஊரையும் சொன்னது. என்னுடைய குடும்பம் அப்பிடித்தான்.

இப்ப நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் ஈழத்து நூல்களை மின்வடிவில சேர்த்து வருகுது. அதில நினைவு மலர்களும் இருக்கு. அடிச்ச பிறகு ஒரு பிரதி அவைக்கு அனுப்புங்கோ. வாட்ஸ்அப்பில போட்டது அடுத்த போன் மாத்தேக்க போயிடும்.

வெண்பா வேணுமெண்டால் திதியைத் தனிமடலில அனுப்புங்கோ, எழுதித் தாறன். உங்கட அப்பா போல ஓர் ஆளுக்குத் தளை தட்டாமல் எழுதவேணும், இரண்டு நாள் தாங்கோ.

வெள்ளவத்தை மகள்

ஏடு சேர்ப்பவன் அண்ணா, கைகூப்புறன். விசுவாவசு ஆண்டு ஆவணி மாதம் அபரபக்கச் சப்தமி. மிச்சம் தனிமடலில.

கொட்டாஞ்சேனை அண்ணா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "அந்த முகத்துவார மனிசியின்ர கதை எனக்குத் தெரியாதே" எண்டா. அதுக்குப் பிறகு கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

பம்பலப்பிட்டி அக்கா

பிள்ளை, நான் ஒரு மனைவியாய் எழுதுறன். என்ர மனிசர் போய் ஆறு வருசம். கல்வெட்டைப் பிள்ளைகள் வடிவாய்த்தான் செய்தவை, நல்ல தாள், கலர்ப் படம். அதில அவர் படிச்ச பள்ளிக்கூடம், வகித்த பதவி, கோயில் பரிபாலன சபை எல்லாம் இருந்தது. நான் ஒரு வரியில இருந்தன். "இன்னாரைக் கரம்பற்றி இல்லறம் நடத்தி வருகையில்." நாப்பத்தொரு வருசம் அந்த ஒரு வரி.

அவர் ஒவ்வொரு நாள் இரவும் நான் படுக்க முதல் நுளம்பு வலையின்ர நாலு மூலையையும் தானே மெத்தைக்குக் கீழ செருகுவார். எனக்குச் செருகத் தெரியாது எண்டில்லை. அது அவற்றை வேலை எண்டு ஆகிப்போச்சு. இப்ப நான் செருகேக்க நாலாவது மூலையில கை நிக்கும். அதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம்.

அம்மாவை இருத்திக் கேளுங்கோ. "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டால் "நல்லவர்" எண்டுதான் சொல்லுவா. சின்னச் சின்னதாய்க் கேளுங்கோ.

மருதானை

இன்னாலில்லாஹி. உங்கட குடும்பத்துக்கு அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்.

எங்களுக்குள்ள கல்வெட்டு வழக்கம் இல்லை. யாஸீன் ஓதுறது, துஆ கேக்கிறது. ஆனாலும் நான் ஒரு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன், ஏனெண்டு சொல்லுறன். வாப்பா 2021 ஜூனில கொரோனாவில மௌத்தானார். 2020 ஏப்ரல் தொடக்கம் அடுத்த பெப்ரவரி வரைக்கும் கொரோனாவில போன எல்லாரையும் எரிக்கவேணும் எண்டு இருந்தது தெரியும்தானே. அது நீங்கின பிறகு போனதால வாப்பாவுக்கு மண் கிடைச்சது. ஆனால் கொழும்பில இல்லை, கிழக்கு மாகாணத்தில ஓட்டமாவடியில. நாங்கள் குளிப்பாட்டேல்லை. உம்மா கடைசியாய் முகம் பாக்கேல்லை. பக்கத்தில இருக்கிற மையவாடியில அவற்றை வாப்பா, உம்மா எல்லாரும் இருக்கினம். அவர் மட்டும் அங்கே.

பேரப்பிள்ளைகள் வெள்ளிக்கிழமை நடந்து போய் ஸலாம் சொல்ல ஏலாத தூரத்தில கப்று இருக்கு. அதனால அவர் எப்படிப்பட்டவர் எண்டு எழுதி வீட்டில வைச்சன். தலை நோன்பு அண்டைக்குக் கஞ்சியை முதல் அடுத்த வீட்டுக்குக் குடுத்து அனுப்பிப்போட்டுத்தான் தான் குந்துவார், அதைத்தான் முதல் வரியாய் எழுதினன். நீங்களும் எழுதுங்க.

ஹட்டன் பிள்ளை

அக்கா, நான் புறக்கோட்டையில கடையில வேலை செய்றேன். எங்க ஊர் தேயிலைத் தோட்டம். எங்க தாத்தா செத்தப்ப புத்தகம் கித்தகம் எதுவும் போடல. பதினாறாம் நாள் கருமாதி செஞ்சோம், அவ்ளோதான். அவரப் பத்தி எழுத்துல இருக்கிற ஒரே விசயம் அடையாள அட்டை. அதுவும் 2003ல இந்திய வம்சாவளிக்காரங்களுக்குச் சட்டம் வந்த பொறவுதான் அவருக்குப் பிரஜாவுரிமையே கெடச்சிச்சு. அந்த அட்டைய வாங்கின அன்னைக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாத்தாராம், அம்மா சொல்லும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தன்னோட பேரு எது, அப்பா பேரு எதுன்னு அம்மாகிட்ட விரல வச்சுக் காட்டச் சொன்னாராம்.

ஒங்க அப்பா மாதிரி ஆளு எங்க தாத்தாவப் பத்தியும் யாருகிட்டயாவது கேட்டு எழுதியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன். நீங்க போடுங்க அக்கா. எனக்கும் ஒண்ணு தாங்க.

நேரே சொல்லுறன்

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். நான் ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டதையும் சொல்லவேணும். என்ர ஐயாவின்ர கல்வெட்டை ஒருத்தரிட்டக் காசு குடுத்து எழுதுவிச்சம். அவசரம். அடிச்சு வந்து பாத்தால் ஐயாவின்ர ஊர் பிழை. வேற ஒருவற்றை கல்வெட்டில இருந்து எடுத்த பக்கத்தில ஊரை மாத்த மறந்திட்டினம். அம்மா அதைக் கடைசி மட்டும் மன்னிக்கேல்லை. அண்டையில இருந்து எனக்குக் கல்வெட்டு எண்டால் வெறுப்பு. உங்கட அப்பா போல ஒருத்தர் அதைப் பாத்திருந்தால் அது நடந்திராது.

சாப்பாட்டு விசயத்தில என்ர கருத்து அப்பிடியேதான் இருக்கு. இரண்டையும் செய்யுங்கோ.

வெள்ளவத்தை மகள்

அக்கா சொன்னது போல நேற்று மத்தியானம் அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து சின்னச் சின்னதாய்க் கேட்டன். இரவு எட்டு மணி மட்டும் கதைச்சா. நான் பிறக்க முதல் நடந்தது பாதி எனக்குத் தெரியாது.

83 ஆடிக் கலவர நேரம் அப்பாவும் அம்மாவும் கல்கிசையில வாடகைக்கு இருந்திருக்கினம். அண்ணாவுக்கு ஒரு வயது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு தங்கட அறைக்குள்ள வைச்சிருந்து, மூண்டாம் நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குக் கொண்டு வந்து விட்டினமாம். வீட்டால வெளிக்கிடேக்க அம்மா பால் போத்தலையும் தாலிக்கொடியையும் எடுத்திருக்கிறா. அப்பா எடுத்தது ஒரு கடுதாசிக் கட்டு. ஆரோ ஒருவற்றை கல்வெட்டின்ர புரூஃப். "31 வருகுது, அந்தாக்கள் பாத்துக்கொண்டு இருப்பினம்" எண்டாராம். "எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழிச்செறிஞ்சிருப்பன்" எண்டு அம்மா சொன்னா. லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்கயும் அந்தக் கட்டு அவற்றை சேர்ட்டுக்குள்ள. அங்கே போய் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடிச்சு, இரவல் சைக்கிளில போய்க் குடுத்திட்டு வந்தாராம். 31 எப்பவோ முடிஞ்சிட்டுது. அவை அதை ஆண்டுத் திவசத்துக்கு அடிச்சவையாம்.

பிறகு இன்சுலின் கதை. நேர்ஸ் ஒருக்காத்தான் காட்டினவ. அந்தச் சின்ன ஊசியில இருக்கிற கோடுகளை அண்ணாவால கண்ணாடி போட்டும் பாக்க ஏலாது. அப்பா வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, ஆறு புள்ளி எழுத்துப் பாக்கிறது போலப் பாப்பார். அம்மா சொன்னா, "குத்த முதல் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைச் சத்தமாய்ச் சொல்லுவார், பதினாலு எண்டு. நான் திருப்பிச் சொல்லவேணும். சொன்னால்தான் குத்துவார்." புரூஃப் பாக்கேக்க ஒருத்தர் மூலத்தை வாசிக்க மற்றவர் ஒப்புநோக்குறது அப்பிடித்தான். நான் அண்டாடம் கேட்ட சத்தம் அது. இண்டைக்குத்தான் விளங்குது.

2022இல காஸ் தட்டுப்பாட்டு நேரம் எங்கட வீட்டுச் சிலிண்டருக்கும் தங்கட சிலிண்டருக்கும் எண்டு அவர் விடிய நாலு மணிக்குப் போய் வரிசையில இருந்தது எனக்குத் தெரியும். வயது 79. மடிக்கிற கதிரையும் ஒரு புரூஃப் கட்டும். நான் போறன் எண்டால் விடமாட்டார், "உனக்கு வேலை இருக்கு, எனக்கு இருந்து வாசிக்க இடம்தானே வேணும்" எண்டுவார். அம்மா சொன்ன பிறகுதான் தெரியும், அவர் போக முதல் அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊத்திப் போத்தலில அடைச்சு, அவவின்ர கையைப் பிடிச்சுப் போத்தலைத் தொட்டுக் காட்டிப்போட்டுத்தான் போறவராம்.

மகளிட்டயும் கேட்டன். அவளுக்கு 11 வயது. "அம்மப்பா லை போட்டால் தும்பிக்கை வைச்சுப் போடுவார்" எண்டாள். அந்தப் பழைய எழுத்து. தமிழ்நாட்டில 1978இலயே மாத்தினது, இங்கேயும் பிறகு புத்தகத்தில மாறியிட்டுது, அப்பாவின்ர கை மட்டும் கடைசி மட்டும் மாறேல்லை. அவளின்ர கொப்பியில சொல்வதெழுதல் திருத்தின இடமெல்லாம் அந்தத் தும்பிக்கை இருக்கு. அதில ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கல்வெட்டில போடப்போறன்.

கொட்டாஞ்சேனை

போடுங்கோ தங்கச்சி. அந்த லை எங்கட பெட்டியில தனி அறையில கிடந்தது. கோத்த கைக்குத்தான் தெரியும்.

கடைசிப் புரூஃபை என்னட்ட அனுப்புங்கோ. எனக்கு இப்ப 74, கண் கொஞ்சம் மங்கல்தான், எண்டாலும் அவற்றை புத்தகத்தில ஒரு பிழை விட எனக்கு மனம் வராது.

வெள்ளவத்தை மகள்

எழுதி முடிச்சிட்டன். அச்சகத்துக்கு நாளைக்குப் போகுது. கொட்டாஞ்சேனை அண்ணா வீட்டை வந்து, அம்மாவுக்கு முன்னால இருந்து, ஒரு வரி விடாமல் பாத்தவர். மூண்டு பிழை பிடிச்சார். இரண்டு ஒற்று, ஒரு திகதி. ஏடு சேர்ப்பவன் அண்ணாவின்ர வெண்பா முதல் பக்கத்தில. அவருக்கும் நன்றி.

உங்களுக்காக ஒரு பகுதி:

"1964ஆம் ஆண்டு கொழும்பு வந்தவர். அறுபது ஆண்டுகள் பிறர் எழுதியதை வாசித்துத் திருத்தினார். 2011 முதல் இறுதி நோய் வரும்வரை ஒவ்வொரு நாளும் காலை ஆறரை மணிக்குத் தம் மனைவிக்குப் பத்திரிகை வாசித்தார். காலையும் மாலையும் ஊசியின் அளவை உரக்கச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பின்னரே மருந்து ஏற்றினார். 1983 ஆடியில் வீட்டை விட்டு வெளியேறியபோது, தாம் அறியாத ஒருவரின் நினைவு மலரை நெஞ்சோடு எடுத்துச் சென்று உரியவரிடம் சேர்த்தார். பேத்தியின் கொப்பிகளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது."

ஒரு விசயம் சொல்லவேணும். நான் இதில பாசமிகு, ஆருயிர் எண்ட சொல் ஒண்டையும் வைக்கேல்லை, அப்பாவுக்குப் பிடிக்காது எண்டு. முழுக்க வாசிச்சு முடிய அம்மா கேட்டா, "பாசமிகு கணவர் எண்டு எங்கேயும் வரேல்லையே?" நான் காரணம் சொன்னன். அம்மா சொன்னா, "அவர் பெருமூச்சு விடுவார்தான். ஆனால் அதை ஒருத்தற்றை புத்தகத்திலயும் வெட்டினதில்லை. வெட்டச் சொல்லி முதலாளி சொன்னாலும் வெட்டார். 'அந்த வீட்டுக்காரர் நினைச்சுத்தான் எழுதியிருப்பினம், அதில கை வைக்கக்கூடாது' எண்டுவார். நான் நினைச்சுத்தான் சொல்லுறன். போடு."

போட்டிருக்கிறன். முதல் வரியில, அம்மா சொன்ன இடத்தில.

300 இல்லை, 150 பிரதி. மிச்சக் காசில அண்டைக்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு போகுது. ஒண்டு நூலகம் நிறுவனத்துக்கு. ஹட்டன் பிள்ளை, தம்பி, உங்களுக்கு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். கடை விடுமுறை நாளில வெள்ளவத்தைக்கு வாங்கோ. வரேக்க தாத்தாவின்ர அடையாள அட்டைப் படமும் கொண்டு வாங்கோ. கொட்டாஞ்சேனை அண்ணாவும் வாறன் எண்டவர், உங்கட அம்மாவோட போனில கதைச்சு எழுதுவம். வேற ஆருக்கும் பிரதி வேணுமெண்டால் முகவரியைத் தனிமடலில போடுங்கோ.